பனித்தளத்திற்குப் பாதமே பிரமாணம்: ஸ்கேட் வாங்குவோர்க்குச் சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

கனடா தேசத்தில் ஐஸ் ஹாக்கிக்கு உள்ள மதிப்பை, அங்கே ஒரே ஒரு குளிர்காலத்தைக் கழித்தவருக்குக்கூட யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1875ஆம் வருஷம் மார்ச் மாதம் 3ஆம் தேதி மான்ட்ரியால் நகரத்து விக்டோரியா அரங்கில், கூரைக்குக் கீழே, பொதுஜனங்கள் முன்னிலையில் அந்த ஆட்டம் ஆடப்பட்ட காலத்தில், வழக்கமாக அணியும் பூட்ஸின் அடியிலேயே இரும்புத் தகட்டைப் பொருத்திக்கொண்டு பனியில் இறங்குவது சாதாரணமாக இருந்தது. நோவா ஸ்கோஷியாவில் டார்ட்மவுத் என்னும் ஊரிலிருந்த ஸ்டார் கம்பெனியார் செய்த, ஒரு நெம்புகோலை அழுத்தினால் பூட்ஸைக் கவ்விக்கொள்ளும் ஸ்கேட் அந்நாளில் பெரும் பிரசித்தி பெற்றிருந்தது. பூட்ஸும் தகடும் ஒன்றாகிவிட்ட இக்காலத்திலோ, காலுக்குப் பொருந்தாத பூட்ஸை வாங்கியவர், தகடு எவ்வளவு உயர்ந்த எஃகினால் ஆனதாயினும், உதவாத ஸ்கேட்டையே வாங்கியவர் ஆகிறார்.

டொராண்டோவின் கிழக்கே ஸ்கார்பரோவிலும் வடக்கே மார்க்கத்திலும் குடியேறி வாழ்கிற தமிழ்ப் பெற்றோர்கள், தாங்கள் ஒருநாளும் பனியில் கால் வைத்தறியாதவர்களாயிருந்தும், பிள்ளைகளின் ஆசைக்காக ஸ்கேட் விற்கும் கடைக்குள் நுழையும்போது, அண்டை அயலார் சொன்ன புத்திமதிகளையே துணையாகக் கொண்டு செல்வது இயல்பே. அப்புத்திமதிகளில் பல நல்லெண்ணத்தினால் சொல்லப்பட்டவை. ஆனால் உண்மைக்கு விரோதமானவை. ஸ்கேட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு விலையோ, கம்பெனியின் பெயரோ, பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணோ பிரமாணம் அல்ல. பாதம் ஒன்றே பிரமாணம் என்பதை மனத்தில் நிறுத்தி, வழங்கிவரும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம்.

நம்பிக்கை 1: ஷூவின் அளவு எதுவோ, அதுவே ஸ்கேட்டின் அளவு.

உண்மை: இந்த ஒரு தவற்றிலிருந்தே மற்ற இடர்கள் பலவும் கிளைக்கின்றன. பிரபலமான ஹாக்கி ஸ்கேட்டுகளில் பெரும்பாலானவை, அன்றாடம் அணியும் ஷூவின் அளவைக் காட்டிலும் ஒன்று முதல் ஒன்றரை எண் வரையில் குறைவாகவே காலுக்குப் பொருந்தும். அன்றியும், நீளம் ஒன்றை மட்டும் அளப்பது போதாது. பாதத்தின் அகலம், புறங்காலின் உயரம், குதிகாலின் ஒடுக்கம் ஆகியவையும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், பாவர் கம்பெனியார் ஒரே நீளத்தில் 1, 2, 3 என்று மூன்று வடிவங்களையும், சி.சி.எம். கம்பெனியார் டேப்பர்ட், ரெகுலர், வைட் என்று மூன்று வடிவங்களையும் வகுத்திருக்கிறார்கள்.

பொருத்தம் பார்க்கும் முறை கடினமானதன்று. கயிற்றைத் தாராளமாகத் தளர்த்திக் காலை உள்ளே செலுத்தி, உட்கார்ந்தபடியே குதிகாலைத் தரையில் இரண்டு மூன்று முறை தட்டி, அது பூட்ஸின் பின்பக்கத்தில் நன்றாக அமர்ந்த பிறகே கயிற்றைக் கட்ட வேண்டும். கட்டி முடித்து நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனிகள் முன்மூடியை இலேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி, பனியில் நிற்கும் பாவனையில் குனியும்போது, அதே விரல்கள் மூடியை விட்டுச் சற்றே பின்வாங்க வேண்டும். நிமிர்ந்து நிற்கையில் விரல்கள் தொடவே இல்லையென்றால் பூட்ஸ் பெரிது. குனிந்த பிறகும் விரல்கள் மடங்கி நெருக்குண்டால் பூட்ஸ் சிறிது. குனிந்த நிலையில் குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழையுமானால், அந்த ஜோடியை மறுவார்த்தை பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. கயிறு கட்டாமல், பூட்ஸின் நாக்கை முன்னே இழுத்துவிட்டு, மேலிருந்து மூன்றாவது துளைக்கு நேராக ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்துப் பார்க்க வேண்டும். பென்சில் புறங்காலில் படாமல் இரண்டு பக்கத்து விளிம்புகளிலும் அமர்ந்தால், பூட்ஸின் ஆழம் போதுமானது. புறங்காலில் தட்டி ஆடினால், நீளம் எவ்வளவு கச்சிதமாயிருந்தாலும் அந்தப் பூட்ஸ் அந்தக் காலுக்கு ஆழம் போதாதது.

நம்பிக்கை 2: வளரும் பிள்ளைக்கு இரண்டு எண் பெரிதாக வாங்கினால் பணம் மிச்சம்.

உண்மை: பள்ளிக்கூடச் சட்டையை இரண்டு விரற்கடை பெரிதாகத் தைத்து, மடிப்பை வருஷத்துக்கு வருஷம் பிரித்துவிடும் நம் வீட்டுச் சிக்கனத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் பெரிய சட்டை உடம்பை வீழ்த்துவதில்லை. பெரிய ஸ்கேட் வீழ்த்தும். பூட்ஸுக்குள்ளே பாதம் நகர்ந்துகொண்டிருந்தால், பிள்ளை காலைத் திருப்பும் கணத்தில் தகடு திரும்புவதில்லை. காலுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு தாமதம் ஏற்படுகிறது. அந்தத் தாமதத்தை ஈடுகட்டப் பிள்ளை முழங்காலை மடக்காமல் விறைத்து நின்று, நடப்பதற்குரிய அடிகளையே பனிமீதும் வைத்துப் பழகுகிறது. அவ்வாறு படிந்த பழக்கத்தைப் பிற்காலத்தில் மாற்றுவது பயிற்சியாளருக்கும் பிள்ளைக்கும் பெரும் பிரயாசை. குதிகால் ஓயாமல் உராய்வதனால் கொப்புளங்களும், நாளடைவில் எலும்பின் மேலே ஒரு புடைப்பும் உண்டாவதும் உண்டு. வளர்ச்சிக்கென்று இடம் விட்டே ஆக வேண்டுமானால் அரை எண் வரையில் விடலாம். அதற்கு மேல் விடுவது, மிச்சப்படுத்திய பணத்துக்குப் பிள்ளையின் உற்சாகத்தை விலையாகக் கொடுப்பதாகும்.

சிக்கனம் வேண்டுவோர்க்கு நல்வழி வேறு இருக்கிறது. பிள்ளைகளின் ஸ்கேட்டுகள் தேய்வதற்கு முன்பே சிறிதாகிப் போவதால், பழைய ஸ்கேட்டுகள் நல்ல நிலையிலேயே கடைகளில் கிடைக்கின்றன. கணுக்கால் பகுதி தொய்ந்துவிடாமல் விறைப்பாயிருக்கிறதா, சாணை பிடித்துப் பிடித்துத் தகட்டின் உயரம் குறைந்துவிட்டதா, தகட்டைத் தாங்கும் பிளாஸ்டிக் பாகத்தில் விரிசல் உண்டா என்ற மூன்றையும் பார்த்துச் சரியான அளவில் வாங்கினால், பெரிதாக வாங்கிய புது ஜோடியை விட அது மேலானது.

நம்பிக்கை 3: கணுக்கால் உள்பக்கம் சாய்ந்தால் காலில் பலமில்லை, கயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டும்.

உண்மை: பனியில் முதன்முதலாக நிற்கும் குழந்தையின் கணுக்கால்கள் உள்நோக்கிச் சாய்வதைக் கண்டதும், “இவனுக்குக் கால் பலவீனம்” என்று தீர்ப்புச் சொல்வோர் பலர். பெரும்பாலும் குற்றம் காலில் இல்லை. பெரிதான பூட்ஸிலோ, பழகித் தொய்ந்துபோன பூட்ஸிலோ, இரு ஓரங்களும் சமமாக அமையாத சாணையிலோதான் இருக்கிறது. குதிகால் பின்னே பதியாத பூட்ஸை எவ்வளவு இறுக்கினாலும், இறுக்கம் குதிகாலுக்குப் போய்ச் சேராது. கணுக்காலின் முன்புறத்து நரம்புகளையும் தசைநார்களையும் மட்டும் நெரிக்கும். அப்படி நெரிவதால் உண்டாகும் வலி ஹாக்கிக்காரர்களுக்குள்ளே பிரசித்தமான ஓர் உபாதை. விரலருகே இளக்கமாகவும், புறங்கால் வளைவில் இறுக்கமாகவும், மேல் துளையில் மறுபடியும் சற்று இளக்கமாகவும் கட்டுவதே முறை. முழங்கால் முன்னே மடங்குவதற்கு மேற்பகுதி இடங்கொடுத்தாக வேண்டும்.

நம்பிக்கை 4: விலை அதிகமானால் ஸ்கேட்டும் உயர்ந்தது, பெரிய ஆட்டக்காரர் அணிவதையே வாங்க வேண்டும்.

உண்மை: 1899இல் சைக்கிள் உற்பத்திக்கென்று தோன்றிப் பின்னர் ஸ்கேட் செய்வதிலே பேர் பெற்ற சி.சி.எம். ஆயினும், 1927இல் கிச்சனர் நகரில் தொடங்கிய பாவர் ஆயினும், ஒவ்வொரு கம்பெனியும் பழகுவோருக்கென்றும், இடைநிலையினருக்கென்றும், தொழில்முறை ஆட்டக்காரருக்கென்றும் படிப்படியாக ஸ்கேட்டுகளைச் செய்கிறது. படி உயர உயர எடை குறைகிறது, விறைப்பு கூடுகிறது, விலை ஆயிரம் டாலரையும் தாண்டுகிறது. அந்த விறைப்பு, வாரம் முழுவதும் பனியிலே வாழ்ந்து, பலத்த வேகத்தில் திடீரென்று நின்று திரும்புகிறவரின் பாரத்தைத் தாங்குவதற்காக ஏற்பட்டது. இருபது கிலோ எடையுள்ள பிள்ளையால் அதை வளைக்க முடியாது. பூட்ஸ் வளையாவிட்டால் முழங்காலும் மடங்காது. அதற்கு நேர்மாறாக, வளர்ந்த மனிதர் ஒருவர், தாம் பழகுபவர்தாமே என்று மிக மலிவான மெல்லிய பூட்ஸை வாங்கினால், அவருடைய பாரத்தைத் தாங்க மாட்டாமல் அது சில மாதங்களிலேயே தொய்ந்துவிடக்கூடும். எடை, வயது, பனியில் இறங்கும் நாட்கள் ஆகிய மூன்றையும் சீர்தூக்கிப் பார்த்து நடுத்தரத்தைத் தேர்வதே பெரும்பாலோர்க்கு விவேகம்.

நம்பிக்கை 5: புது ஸ்கேட் வலிக்கத்தான் செய்யும், சிறிதாயிருந்தால் சூளையில் வைத்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

உண்மை: தடித்த தோலினால் பூட்ஸ் செய்த நாட்களில், காலும் பூட்ஸும் ஒன்றுக்கொன்று இசைவதற்குப் பல வாரங்கள் பிடித்தன, வலியைப் பொறுப்பதே வீரம் என்ற அபிப்பிராயம் அக்காலத்தின் மிச்சம். இன்றைய பூட்ஸுகளில் பல, சுமார் 80 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கடைக்காரர் சில நிமிஷங்கள் சூடேற்றிக் கொடுக்க, அணிந்தபடி பத்துப் பதினைந்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்தால், காலின் வடிவத்தைத் தழுவிக்கொள்ளும் பொருள்களால் ஆனவை. ஆனால் அச்சூடு பக்கங்களையும் கணுக்கால் பகுதியையும் இசையச் செய்யுமேயன்றி, நீளத்தைக் கூட்டாது. பெரிய பூட்ஸைச் சிறிதாக்கவும் செய்யாது.

1985-86ஆம் பருவத்தில் 48 கோல்கள் போட்டு, தடுப்பாட்டக்காரர்களுக்குள் ஈடற்ற சாதனை புரிந்த பால் காஃபி, தம் ஷூவை விட மிகச் சிறிய ஸ்கேட்டுகளையே அணிந்தார் என்பது பிரசித்தம். அது அவருடைய பாதமும் பழக்கமும் சேர்ந்து அமைந்த தனிச் சம்பவம். அதை விதியாக்கிப் பிள்ளைகளின் விரல்களை நெருக்குவது அநியாயம். புது ஸ்கேட்டில் இறுக்கம் தெரியலாம், ஒரே இடத்தில் குத்தும் வலி தெரியக்கூடாது; கழற்றிய பின் பாதத்தில் ஓரிடம் மட்டும் சிவந்திருந்தால் அந்த இடத்தில் பூட்ஸ் பொருந்தவில்லை என்பது நிச்சயம்.

நம்பிக்கை 6: குளிருக்குத் தடித்த காலுறை அவசியம்.

உண்மை: தடித்த காலுறை பூட்ஸை நிரப்பி, இரத்த ஓட்டத்தைக் குறைத்து, வியர்வையையும் தேக்கிவைப்பதால், பாதம் முன்னிலும் விரைவாகக் குளிர்ந்துவிடும். மெல்லிய, ஈரத்தை வெளியேற்றும் காலுறை ஒன்றே போதும். பாபி ஆர் என்னும் மகா ஆட்டக்காரர் காலுறையே இல்லாமல் ஆடினார்; எல்லோரும் அவ்வாறு செய்ய வேண்டியதில்லை. கடையில் அளவு பார்க்கும்போது, ஆட்டத்தில் அணியப்போகும் காலுறையையே அணிந்திருக்க வேண்டும் என்பது மட்டும் மறக்கக்கூடாதது.

நம்பிக்கை 7: தகடு எவ்வளவு கூரோ அவ்வளவு நல்லது; உடலின் பாரத்தால் பனி உருகுவதால்தான் வழுக்குகிறது.

உண்மை: தகட்டைக் கவிழ்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் விஷயம் விளங்கும். ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனமுள்ள அதன் அடிப்பாகம் ஒற்றைக் கூர் கொண்டதன்று; நடுவே நீளவாட்டில் ஒரு குழிவும், அதன் இருபுறமும் இரண்டு ஓரங்களும் கொண்டது. அந்தக் குழிவு ஒரு வட்டத்தின் சிறு துண்டு. வட்டத்தின் ஆரம் அரை அங்குலமாக இருப்பது பொதுவான வழக்கம். ஆரம் 3/8 அங்குலமாகக் குறைந்தால் குழிவு ஆழமாகி, ஓரங்கள் பனியை இறுகப் பிடிக்கும், ஆனால் வழுக்கல் குறையும். 1 அங்குலமாகக் கூடினால் வழுக்கல் பெருகும், பிடிப்பு குறையும். கனத்த சரீரமுடையவருக்கு ஆழமற்ற குழிவும், இலேசான பிள்ளைக்குச் சற்று ஆழமான குழிவும் இசையும். ஒரு நாணயத்தை ஓரங்களின் குறுக்கே வைத்துப் பார்த்து, அது ஒருபுறம் சாயாதிருந்தால், சாணை சமமாக விழுந்திருக்கிறது எனலாம். புது ஸ்கேட்டுகள் பெரும்பாலும் சரியான சாணை இல்லாமலே பெட்டியில் வருவதால், முதல்நாள் பனியில் இறங்குமுன் சாணை பிடித்தே தீர வேண்டும்.

பாரத்தினால் பனி உருகுகிறது என்னும் கொள்கையை 1886இல் ஜான் ஜோலி எடுத்துரைத்தார். பாடப் புத்தகங்கள் அதை நெடுங்காலம் ஒப்பித்தன. ஆனால் பனியின் உருகுநிலையை ஒரே ஒரு டிகிரி தாழ்த்துவதற்குக்கூட வாயுமண்டல அழுத்தத்தைப் போல் 130 மடங்குக்கு மேல் வேண்டும். உறைபனிக்கு இருபது டிகிரி கீழேயும் மனிதர் சறுக்குவதை அக்கொள்கையால் விளக்க முடியாது. பனியின் மேற்பரப்பில் இயல்பாகவே நீர்போன்ற மெல்லிய படலம் உண்டென்று 1850லேயே ஃபாரடே கருதினார். உராய்வின் வெப்பமே பெருங்காரணம் என்று 1939இல் பவுடனும் ஹியூஸும் பரிசோதனையால் காட்டினார்கள். ஆகையால், உடலின் பாரத்தால் பனியை உருக்குவதற்கென்று தகட்டை மேலும் மேலும் கூராக்கத் தேவையில்லை. பனியில் கிடைக்கும் பிடிப்பும் வழுக்கலும் நம் உடலுக்கு ஏற்றபடி சமமாக அமைவதே முக்கியம்.

கடைக்குப் போகும்போது மாலை வேளையைத் தேர்ந்தெடுங்கள். பகலெல்லாம் நடந்த பாதம் அப்போது சற்றுப் பருத்திருக்கும். விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் பாதத்தை அளக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கம்பெனியின் பூட்ஸையும் கயிறு கட்டி, பத்து நிமிஷமாவது அணிந்திருந்து பாருங்கள். விற்பவர் அவசரப்படுத்தினாலும் நீங்கள் அவசரப்பட வேண்டாம். பனியில் முதல்நாள் வழுக்கி விழுகிற பிள்ளை தன் கால்களைத்தான் குறை சொல்லிக்கொள்ளும், தனக்கு இந்த ஆட்டம் வராது என்று அழும். பூட்ஸின்மேல் குற்றம் சுமத்த அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துவைத்திருந்து, குற்றமில்லாத ஒரு ஜோடியைப் பிள்ளையின் கால்களுக்குத் தேடித் தருவது பெரியவர்களாகிய நம்முடைய கடமை.