திரும்பிப் போன தபால்

அன்புள்ள மருமகனுக்கு,

வங்கியிலிருந்து வந்த பதிவுத் தபாலை உன் அப்பா வாங்க மறுத்துத் திருப்பிவிட்டார் என்று எழுதியிருந்தாய். ஆலங்குடிப் பக்கம் இது புதிதில்லை. கையெழுத்துப் போடாதவரை கணக்கு ஓடாது என்று ஒரு நினைப்பு. வாங்காவிட்டால் கதவில் ஒட்டுவார்கள், பத்திரிகையில் போடுவார்கள். நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவர வங்கிக்கு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் வழி தருகிறது. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் அது வாராக்கடன். அடுத்து 13(2) பிரிவு நோட்டீஸ்: 60 நாளில் மொத்தக் கடனையும் கட்டு என்று. அந்தத் தொகைக்குப் பயந்துதான் மச்சான் தபாலைத் திருப்பியிருப்பார். ஆனால் பேசுவதற்கென்று கிடைத்த நாட்களும் அந்த 60-தான். வட்டிக் கணக்கில் சந்தேகமோ, தவணையை மாற்றிக் கேட்பதோ, எதுவானாலும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கு. 15 நாளுக்குள் வங்கி காரணத்தோடு பதில் தந்தாக வேண்டும். மேனேஜரிடம் வாயால் சொன்னது அவர் மாற்றலாகிப் போனால் அதோடு போச்சு.

கையில் இருப்பதைக் கட்டிவைப்போம் என்கிறாய். நல்லதுதான். ஆனால் நின்ற தவணையும் வட்டியும் முழுதாகத் தீர்ந்தால்தான் கணக்கு பழைய நிலைக்கு வரும். அதற்காக மீட்டர் வட்டிக்காரனிடம் போய்விடாதே. வங்கி ஒரு மாதம் கழித்துக் கேட்பதை அவன் மறுநாளே கேட்பான்.

2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைக்குப் பதிலாக வைத்த கன்றுகள் பலன் தரவே இத்தனை வருஷம் ஆனது. தவணையோ மாதாமாதம் வந்தது. இதையும் மனுவில் எழுது, வருமானம் ஏன் நின்றது என்பதற்கு அதுதான் காரணம்.

60 நாளும் கடந்து சுவாதீன நோட்டீஸ் வந்துவிட்டால், 45 நாளுக்குள் மதுரைக் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். புதுக்கோட்டை சிவில் கோர்ட்டில் தடை வாங்கித் தருகிறேன் என்று எவனாவது பணம் கேட்டால் கொடுக்காதே. இந்த வழக்கு அங்கே நிற்காது. கடனைத் தீர்த்து வீட்டை மீட்பதும் ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பே நடக்க வேண்டும்.

விவசாய நிலத்தை இந்தச் சட்டம் தொடாது. ஆகவே அடமானப் பத்திரத்தில் வீட்டுமனையின் சர்வே எண் மட்டும்தான் இருக்கிறதா, அக்காவின் தோப்பும் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பார். கிளையில் கடன் கணக்கு விவரத்தையும் நோட்டீஸ் நகலையும் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா