ஓய்விலும் தேயும் பாட்டரி

உழைத்தால் தேயும், ஓய்ந்தால் தேயாது என்று பொருள்களைப் பற்றி நாம் எண்ணுகிறோம். ஈய-அமில பாட்டரிக்கு இவ்விதி பொருந்தாது.

பாண்டியரின் பழந்துறைமுகமான கொற்கை, கடல் விலகியபின் இன்று வயல் சூழ்ந்த சிற்றூராக உள்ளது. பிசான அறுவடைக்கும் கார்ப் பருவ உழவுக்கும் இடையே எங்கள் பகுதியில் சில டிராக்டர்கள் மின் இணைப்பில்லாத கொட்டகைகளில் நிற்கின்றன. தூத்துக்குடி விசைப்படகுகளும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஓய்வு கொள்கின்றன. மேலைநாட்டார் குளிர்காலத்தில் நிறுத்திவைக்கும் வீட்டு வண்டிகளுக்கும் இதே நிலைதான். வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று டிராக்டர் கிளம்பாவிட்டால் உழவு தள்ளிப்போகும். புதுப் பாட்டரிக்குச் சில ஆயிரம் ரூபாயும் வேண்டும்.

இதன் காரணத்தைக் காண்போம். 1859இல் பிரெஞ்சு அறிஞர் பிளாண்டே உருவாக்கிய இவ்வகைக் கலத்தில் ஈயத் தகடும் ஈய டை ஆக்சைடு தகடும் கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கின்றன. மின்னிறக்கத்தின்போது இரு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. உடனே மின்னேற்றினால் அது கரைந்துவிடும். நெடுநாள் விட்டால் நுண்படிகங்கள் பெரும்படிகங்களாக இறுகி, பின்னர் மின்னேற்றத்துக்கு இணங்குவதில்லை. இணைப்பே இல்லாவிட்டாலும் பாட்டரி தானாக மின்னிறங்கும். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் இவ்விறக்கம் ஏறத்தாழ இருமடங்காகிறது. ஆகவே நம் கோடை அதற்குப் பகை.

இதைவிடப் பெரிய இழப்பு மின்கசிவு. வண்டியின் கடிகாரம் முதலியவை 0.05 ஆம்பியர் மட்டுமே எடுப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி, 61 நாளில் 73. நூறு ஆம்பியர்-மணி பாட்டரியில் ஏறக்குறைய முக்கால் பங்கு போய்விடும்!

எனவே செய்யவேண்டியவை இவை. நிறுத்துமுன் முழுமையாக மின்னேற்றுக. அப்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுமாதலால் அருகில் பீடி, நெருப்பு கூடாது. பின் வாலை வடிநீர் மட்டும் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்க, அமிலம் சேர்க்கலாகாது. எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றுக. முனைகளைத் துடைத்து, நிழலில் வைக்க. மாதம் ஒருமுறை வோல்ட்மீட்டரால் அளந்து பார்க்க: 12.6 வோல்ட்டுக்கு மேல் நிறைவு, 12.4க்குக் கீழ் இறங்கினால் மின்னேற்றம் தேவை.

மின் இணைப்பில்லாத இடத்தில் சூரியன் உதவும். நூறு ஆம்பியர்-மணி பாட்டரி மாதம் பத்து விழுக்காடு இழப்பதாகக் கொண்டால், நாள் இழப்பு 0.33 ஆம்பியர்-மணியே. 10 வாட் சூரியத் தகடு ஐந்து மணி நேர நல்ல வெயிலில் சுமார் 4 ஆம்பியர்-மணி தரும். பாதி வீணானாலும் தேவையைப்போல் ஆறு மடங்கு மிஞ்சும்! மிகை மின்னேற்றம் தண்ணீரை வற்றச் செய்யுமாதலால் இடையில் மின்னேற்றக் கட்டுப்படுத்தி இருத்தல் வேண்டும்.

நண்பர்களே, நம் வகுப்பில் படிக்கும் ஓமின் விதியும் மின்வேதியியலும் தேர்வோடு முடிந்துவிடக் கூடாது. விடுமுறையில் ஊர் செல்லும்போது ஒரு வோல்ட்மீட்டரை எடுத்துச் செல்லுங்கள். அயலாரின் டிராக்டர் பாட்டரியை அளந்து சொல்லுங்கள். ஓர் உழவரின் சில ஆயிரம் ரூபாய் மிஞ்சினாலும் நாம் கற்றது வீணாகாது.