தெரு சொல்லும் வேகம்

நுழையும்முன்
வீட்டு வாசல் முடியும் இடத்தில் தெரு தொடங்குகிறது. கோலமிடுவோரும் பந்தாடும் சிறுவரும் கோலூன்றி நடக்கும் முதியோரும் புழங்கும் தெருவில் ஊர்திகளும் விரைகின்றன. அவ்விரைவைத் தணிக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் உண்மையில் பயன் தந்தனவா என்பதை அளவுகளின் துணையோடு ஆராய்கிறது இப்பாடம்.

விரைவும் உயிரும்
மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் செல்லும் மகிழுந்தின் எதிரே ஒரு குழந்தை ஓடிவருவதாகக் கொள்வோம். ஆபத்தை உணர்ந்து பிரேக்கை அழுத்த ஓட்டுநருக்கு ஏறத்தாழ ஒரு நொடி தேவை. அந்நொடிக்குள் வண்டி 8 மீட்டர் கடந்துவிடும். உலர்ந்த சாலையில் மேலும் 5 மீட்டர் சென்று நிற்கும். அதே வண்டி 50 கி.மீ. வேகத்தில் வந்தால் அந்த முதல் நொடியிலேயே 13 மீட்டரைத் தாண்டிவிடும். மெதுவாக வந்த வண்டி நின்றுவிட்ட இடத்தில், விரைந்து வந்த வண்டியின் வேகம் சிறிதும் குறைந்திராது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைவதால், அதன் மோதல் ஆற்றலும் ஏறத்தாழ 2.8 மடங்காகும். சில நொடிகளை மிச்சப்படுத்தும் விரைவு ஓர் உயிரையே விலையாகக் கேட்கிறது.

தெருவை மீட்ட மக்கள்
1971ஆம் ஆண்டில் மட்டும் நெதர்லாந்துச் சாலைகளில் 3000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் வீதியில் இறங்கிப் போராடினர். டெல்ஃப்ட் நகரில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஒரு புதுமை முளைவிட்டிருந்தது. நேரான தெருக்கள் வளைக்கப்பட்டன. மரங்களும் இருக்கைகளும் இடம்பெற்றன. நடைபாதைக்கும் வண்டிப்பாதைக்கும் இடையிலிருந்த விளிம்பு அகற்றப்பட்டது. ‘வூனெர்ஃப்’ என்னும் இத்தெருவில் மனிதரே உரிமையாளர். நடையின் வேகத்தில் ஊர்ந்து செல்லவேண்டிய விருந்தாளியே ஊர்தி. 1976இல் இதற்குச் சட்ட ஏற்பும் கிடைத்தது.

பலகையும் பாதையும்
பிரிட்டனில் மணிக்கு 20 மைல், அதாவது 32 கி.மீ., வேக மண்டலங்கள் 1991இல் தொடங்கின. அவற்றில் அறிவிப்புப் பலகைகளோடு வேகத்தடைகளும் குறுகலாக்கப்பட்ட பாதைகளும் அமைந்தன. அத்தகைய 250 மண்டலங்களை ஆராய்ந்த அறிக்கை 1996இல் வெளிவந்தது. சராசரி வேகம் மணிக்கு 9 மைல் குறைந்திருந்தது. விபத்துகள் 60 விழுக்காடும் குழந்தைகள் சிக்கிய விபத்துகள் 67 விழுக்காடும் குறைந்திருந்தன.

இலண்டன் மாநகரின் 1986 முதல் 2006 வரையிலான பதிவுகளைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வு 2009இல் வெளியானது. பொதுவாகவே விபத்துகள் குறைந்துவந்த போக்கைக் கழித்துப் பார்த்தபின்பும், இம்மண்டலங்களில் சாலை விபத்துக்கு உள்ளானோர் எண்ணிக்கை 41.9 விழுக்காடு குறைந்தது தெரியவந்தது. ஆபத்து அண்டைத் தெருக்களுக்கு இடம்பெயரவும் இல்லை.

பலகை மட்டும் போதாதா? பிரிட்டன் அரசுக்காக நிகழ்த்தப்பட்டு 2018இல் வெளிவந்த ஆய்வு இதற்கு விடை தருகிறது. தெருவின் அமைப்பை மாற்றாமல் வேக வரம்பை மட்டும் அறிவித்த குடியிருப்புப் பகுதிகளில், வேகம் மணிக்கு ஒரு மைல் அளவுகூடக் குறையவில்லை. பலகை வேண்டுகிறது, பாதையின் வடிவமோ பணிய வைக்கிறது.

மேட்டின் நுட்பம்
வேகத்தடை என்ற பெயரில் எழுப்பப்படும் எல்லா மேடுகளும் வேகத்தைத் தடுப்பதில்லை. குறுகிய மேட்டின்மேல் விரைந்து செல்லும்போது அதிர்வைச் சக்கரமும் சுருள்வில்லும் தாங்கிக்கொள்கின்றன; மெதுவாகச் செல்பவரே மிகுதியாகக் குலுங்குகிறார். இதனை 1970களில் ஆராய்ந்த பிரிட்டன் சாலை ஆய்வுக்கூடம், 3.7 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட வளைந்த மேட்டை வடிவமைத்தது. அதில் வேகம் கூடக்கூடக் குலுக்கலும் கூடும்.

தெரிந்து தெளிவோம்
இந்தியச் சாலைப் பேராயத்தின் 1988ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்குரிய மேட்டுக்கு இதே 3.7 மீட்டர், 10 சென்டிமீட்டர் அளவுகளையே பரிந்துரைத்தது. எச்சரிக்கைப் பலகையும் மேட்டின்மேல் வண்ணக் கோடுகளும் இடம்பெற வேண்டும்.

மறுப்பும் தீர்வும்
மேடுகளுக்கு இடையில் ஓட்டுநர் மீண்டும் விரைவர் என்பது ஒரு மறுப்பு. அது உண்மையே, மேடுகள் தொலைவாக அமைந்தால் பயன் குன்றும். ஆம்புலன்சும் தீயணைப்பு ஊர்தியும் தாமதமாகும் என்பது மற்றொன்று. அகன்ற ஊர்தியின் சக்கரங்கள் இருபுறமும் தடையின்றிச் செல்லும்படி, பாதையின் நடுவில் மட்டும் சிறு மேடுகளை அமைப்பது இதற்கு வழி. இரவில் கண்ணுக்குத் தெரியாத, அளவு மீறிய மேடோ இருசக்கர ஊர்தியில் வருவோரை வீழ்த்தும். உயிர் காக்க எழுப்பியது உயிர் பறிக்கலாகாது. ஆதலால், மேடு வேண்டுமா என்பதோடு, எங்கே, எந்த அளவில் வேண்டும் என்பதும் கேட்கப்பட வேண்டும்.

ஓட்டுநரின் நல்லெண்ணத்தை மட்டுமே நம்பி ஒரு குழந்தையின் உயிரை விட்டுவைக்க இயலாது. விதியை எழுதிவைப்பதோடு நில்லாமல், அவ்விதிக்கேற்பத் தெருவையும் திருத்தி அமைத்த ஊர்களிலேயே வேகம் தணிந்தது, உயிர்களும் காக்கப்பட்டன.

கற்பவை கற்றபின்...
1. உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள வேகத்தடையின் நீளம், உயரம், எச்சரிக்கைப் பலகை ஆகியவற்றைச் சாலையோரத்திலிருந்து உற்றுநோக்கி, பாடத்தில் கூறப்பட்ட அளவுகளோடு ஒப்பிட்டு அறிக்கை எழுதுக.
2. ‘பலகை வேண்டுகிறது, பாதையின் வடிவமோ பணிய வைக்கிறது’ – இக்கூற்றை வகுப்பில் சொற்போர் நிகழ்த்தி ஆராய்க.