தூட்பூஞ்சணப் பங்கசுக்கள்: எரிசிபேசியே குடும்பம்

பூசணி, பாகல், வெண்டி, முந்திரிகை ஆகியவற்றின் இலைகளில் மாத் தூவியது போன்ற வெண்படலம் படர்வதைக் கமக்காரர் பலரும் கண்டிருப்பர். இதனை உண்டாக்கும் பங்கசுக்கள் எரிசிபேசியே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. இலங்கையில் 1925ஆம் ஆண்டில் அறியப்பட்டு, இறப்பர் மரத்தின் தளிரை உதிர்த்துவரும் ஒயிடியமும் இக்குடும்பத்ததே. இந்நோயைக் கீழ்ப்பூஞ்சண நோயுடன் மயங்குவோர் உளர். அம்மயக்கத்தால் மருந்தும் கூலியும் வீணாவதோடு பயிரும் கைவிட்டுப் போகும்.

வேறு பங்கசுகள் பல இலையினுள்ளே வளர, இவற்றின் பூசணவலை பெரும்பாலும் இலையின் புறத்திலேயே படர்கின்றது. மேற்றோற் கலங்களுள் பருகிகளை மாத்திரம் செலுத்தி உணவை உறிஞ்சும். உயிருள்ள கலமின்றி இவை வாழா. நிமிர்ந்தெழும் காம்புகளில் தூளியங்கள் தோன்றிக் காற்றிற் பரவும். இத்தூளியங்கள் தம்முள்ளேயே போதிய நீரைக் கொண்டிருத்தலின், இலை நனையாதபோதும் முளைக்க வல்லன. மழையற்ற நாட்களில் நோய் மிகுதற்குக் காரணம் இதுவே. கனத்த மழை தூளியங்களைக் கழுவிவிடும்.

குளிர்நாடுகளில் பருவ முடிவில் வெண்படலத்தின்மீது கடுகினும் மிகச் சிறிய கரும்புள்ளிகள் தோன்றும். இவை வாயில்லாது மூடிய கனியுடலங்கள். உள்ளே பைகளும், பைகளுள் வித்திகளும் உண்டு. பை ஒன்றா பலவா, புறத்தேயுள்ள தூக்கங்களின் நுனி கொக்கிபோல் வளைந்ததா கிளைத்ததா என்பவற்றைக் கொண்டே முன்னையோர் சாதிகளைப் பிரித்தனர். 2000ஆம் ஆண்டளவில் மரபுப்பொருள் ஆராய்ச்சி இப்பகுப்பை மாற்றிவிட்டது. அன்சினுலா, மைக்குரோசுபீரா என்பன எரிசிபே சாதியிலும், சுபீரோதீக்கா பொடோசுபீராவிலும் அடங்கின. தூளியத்தின் இயல்பு இன்று பெரிதும் நோக்கப்படுகின்றது. பூசணியைத் தாக்கும் பொடோசுபீராவில் தூளியங்கள் சங்கிலியாகத் தோன்றும். முந்திரிகையைத் தாக்கும் எரிசிபேயில் தனித்தனியே முதிரும். கரும்புள்ளிகள் அரிதாகவே காணப்படும் வெப்பநாடுகளுக்கு இது வாய்ப்பான மாற்றமே.

மிளகாயைத் தாக்கும் லெவெயிலுலா குடும்ப வழக்கத்துக்கு மாறானது. அது இலையினுள்ளே புகுந்து வளர்ந்து, இலைவாயினூடாகக் காம்புகளை வெளிவிடும். ஆதலின் வெண்பூச்சு அடிப்புறத்திலும், மஞ்சட் புள்ளி மேற்புறத்திலும் தோன்றும். இலைகள் உதிர்ந்தபின்னரே பலர் இதனை உணர்வர்.

கீழ்ப்பூஞ்சணமோ ஈரக்காலத்தது. பூசணிக் குடும்பப் பயிர்களில் நரம்புகளுக்கிடையே கோணலான மஞ்சட் புள்ளிகளும், அவற்றின் அடியிற் சாம்பல் நிறப் பூச்சும் காணப்படும். அதற்குச் செம்பு மருந்து பயன்படும். தூட்பூஞ்சணத்துக்குக் கந்தகமே நெடுங்கால மருந்து. இலையினுட் புகுந்துவிட்ட லெவெயிலுலாவுக்குக் கந்தகம் பிந்தினாற் பயன் குறையும். கடும் வெயிலிற் கந்தகம் தூவினால், சிறப்பாகப் பூசணிக் குடும்பப் பயிர்களின் இலைகள் கருகும். வெயில் தணிந்த வேளையிலேயே இடுக.