கோல்ப் ஆட்டமும் தொலைவறி கருவிகளும்

தொலைவை அறிய விழைதல் மக்கட்கு இயல்பு. ஓரூரினின்று மற்றோரூர்க்கு நடந்து செல்லும் வழிப்போக்கன், ‘இன்னும் எத்துணைத் தொலைவு?’ என எதிர்ப்படுவோரை வினவுகின்றான். சாண், முழம், கோல், கூப்பிடு தொலைவு, காதம் என நம் முன்னோர் வழங்கிய அளவைகள் யாவும் அவ்வினாவிற்கு விடையாகப் பிறந்தனவே. இக்காலத்திலோ, வானிற் சுழலும் துணைக்கோள்களே நமக்கு அளவுகோலாய் அமைந்துள்ளன. அவ்வளவுகோல் மிகுதியாகப் பயன்படும் இடங்களுள் ஒன்று கோல்ப் ஆடுகளம். அவ்வாட்டத்தில் தொலைவு எவ்வாறு அளக்கப்படுகின்றது என்பதனையும், அவ்வளவினை எம்மட்டும் நம்பலாம் என்பதனையும் ஈண்டு ஆராய்வாம்.

திட்டக்குடியைச் சார்ந்த எமக்கும் கோல்ப் ஆட்டத்திற்கும் யாது தொடர்பு என நண்பர்கள் நகைக்கக்கூடும். எம் வெள்ளாற்றங்கரையில் நெல் உண்டு, கரும்பு உண்டு; கோல்ப் ஆடுகளம் இல்லை. அவ்வாட்டத்தின் மட்டையை யாம் தொட்டதும் இல்லை. ஆயினும், அவ்வாட்டக்காரர் கையிற் கொள்ளும் அதே கருவி, சென்ற கோடை விடுமுறையில் எம்மூர் வயல்வரப்பு ஒன்றன்மேல் எம் கையிலும் இருந்தது. அதனால் விளையவிருந்த தீங்கே இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டிற்று. அதனை இறுதியிற் கூறுவாம்.

முதற்கண், இவ்வாட்டத்தில் தொலைவு அறிதல் எற்றுக்கு என்பதனை நோக்குவாம். கோல்ப் ஆடுகளத்தில் பதினெட்டுக் குழிகள் உள. ஒவ்வொரு குழிக்கும் உரிய தொடக்க மேட்டினின்று சிறு பந்தொன்றை அடித்து, மிகக் குறைந்த அடிகளில் அதனைக் குழிக்குள் வீழ்த்துதலே ஆட்டம். குழியைச் சூழ்ந்த நன்கு கத்தரிக்கப்பட்ட புற்றரையைப் பசுந்தரை என்னலாம். தொடக்க மேட்டிற்கும் பசுந்தரைக்கும் இடையே நூறு கெஜமும் இருக்கும், ஐந்நூறு கெஜத்திற்கு மேலும் இருக்கும். ஒரு கெஜம் என்பது 0.9144 மீட்டர். ஆடுவோர் பதினான்கு மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. ஒரே வலிமையோடு அடிப்பினும், மட்டைமுகத்தின் சாய்வும் மட்டையின் நீளமும் வேறுபடுதலால், ஒரு மட்டைக்கும் அடுத்த மட்டைக்கும் பந்து செல்லுந் தொலைவில் ஏறத்தாழப் பத்துக் கெஜம் வேறுபாடு தோன்றும். எனவே, தொலைவு தெரியாதான் எம்மட்டையை எடுப்பதெனத் தெரியாதான். பத்துக் கெஜம் பிழைபடக் கணித்தவன், பந்தைப் பசுந்தரையில் வீழ்த்துதற்கு மாறாக மணற்குழியிலோ நீர்நிலையிலோ வீழ்த்துவான்.

இவ்வாட்டம் நம் நாட்டிற்குப் புதியதன்று. கல்கத்தாவில் 1829-ஆம் ஆண்டிலேயே கோல்ப் கழகம் தோன்றிவிட்டது. நம் மாநிலத்துக் கொடைக்கானலில் 1895-இல் ஒரு கழகம் எழுந்தது. சென்னையில் கிண்டிக் குதிரைப்பந்தய வெளியின் நடுவே பல்லாண்டுகள் ஒரு கோல்ப் ஆடுகளம் இருந்தது. அந்நிலத்தை 2024-இல் அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. அக்காலத்து ஆட்டக்காரர்க்குக் கருவி யாதும் இன்று. நூறு, நூற்றைம்பது, இருநூறு கெஜங்களில் நட்ட குறிக்கம்பங்களைக் கண்டு, அவற்றினின்று காலடியால் எண்ணிச் செல்வர். சிலர் மரம், மேடு, மணற்குழி முதலியவற்றின் தொலைவுகளைச் சிறு ஏட்டில் குறித்து வைத்திருப்பர். எல்லாவற்றினும் மேலாக, மட்டைப் பையைச் சுமந்து உடன்செல்லும் துணையாளின் கண்ணே சிறந்த கருவியாயிருந்தது. நாள்தோறும் அப்புல்வெளியில் நடந்து பழகிய அவன், காற்றின் போக்கையும் நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும் கூட்டிக் கழித்து, இன்ன மட்டையை எடுமின் என்பான். தில்லியில் அவ்வாறு பை சுமந்து வளர்ந்த அலி ஷேர் என்பார், 1991-இல் இந்திய ஓப்பன் போட்டியில் வாகை சூடிய முதல் இந்தியரானார். கண்ணால் அளத்தல் எளிய கலையன்று என்பதற்கு இஃதொரு சான்று.

இனி, கருவியால் அளத்தலின் வரலாற்றிற்கு வருவாம். கிண்டியை அடுத்துள்ளது பரங்கிமலை. அம்மலையருகே 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்ப்டன் என்பார், இந்நாட்டைக் கோணமுறையால் அளத்தற்கு அடிப்படையாக ஏழரை மைல் நீளமுள்ள நேர்கோடு ஒன்றை அளந்தார். நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியே அவர் கருவி. அச்சங்கிலியை அவர் வறிதே தரையில் இழுத்துச் செல்லவில்லை. மரப்பெட்டிகளைத் தாங்கிகளின்மேல் நிறுத்தி, அவற்றினுள் சங்கிலியைக் கிடத்தி, வெப்பமானிகளை உடன்வைத்து, வெயிலால் எஃகு நீளும் அளவையும் கணக்கிட்டார். வெப்பம் பத்துப் பாகை செல்சியசு உயர்ந்தால் நூறடிச் சங்கிலி நான்கு மில்லிமீட்டருக்குச் சற்றே குறைய நீளும். அது சிறிதெனத் தோன்றும்; ஏழரை மைலில் அதுவே ஏறத்தாழ ஒன்றரை மீட்டராய்ப் பெருகும். அதனை அவர் விட்டிருப்பின், அக்கோட்டினின்று கணிக்கப்பட்ட தொலைவனைத்தும் பிழைபட்டிருக்கும்.

அவ்வளவைக்கும் நம் கடலூர்ப் பகுதிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டென்பதனை நம்மிற் பலர் அறியார். புவியின் வடிவத்தை அறிதற்பொருட்டு லாம்ப்டன் இந்நாட்டில் முதன்முதல் அளந்த வடதென் வில்லின் தென்முனை, கடலூரை அடுத்துக் கெடிலக்கரையில் விளங்கும் திருவந்திபுரமே. கடற்கரைச் சமவெளியில் உயர்ந்த குன்றுகள் அரியவாதலின், பின்னர் அவர் கோயில் விமானங்களையும் கோபுரங்களையும் நோக்குநிலைகளாகக் கொண்டார். 1808-இல் தஞ்சைப் பெரியகோயில் விமானத்தின்மேல் அரைடன் எடையுள்ள கோணமானியை ஏற்றுங்கால், கயிறு தளர்ந்து அது சுவரில் மோதிச் சிதைவுற்றது. அவர் சோர்வுறாது அதனைத் தாமே செப்பஞ் செய்தார். அளவின்கண் பிழை உண்டாகும் என்பதனை முன்னரே எண்ணி, அப்பிழை எவ்வளவென்று தேடியதே அவர்தம் பெருமை. இக்கருத்தை மனத்திற்கொண்டு இக்காலக் கருவிகளை நோக்குவாம்.

கோல்ப் ஆட்டக்காரர் இன்று கையாளும் கருவிகள் இருவகைப்படும். ஒன்று லேசர் தொலைமானி. கண்ணருகே வைத்துக் கொடிக்கம்பத்தைக் குறிபார்த்துப் பொத்தானை அழுத்தின், ஓர் ஒளிக்கதிர் சென்று மீளும். மீண்ட காலத்தைக் கொண்டு கருவி தொலைவைக் கணித்துக் காட்டும். பிழை ஒரு கெஜமளவே. ஆயின், கொடி கண்ணுக்குப் புலனாதல் வேண்டும். மேட்டின் மறைவில் உள்ளதை அஃது அளக்காது. கை நடுங்கின், கொடிக்குப் பின்னுள்ள மரத்தை அளந்துவிடும்.

மற்றொன்று, ஜி.பி.எஸ். என்று யாவரும் வழங்கும் புவியிடங்காட்டி. இது கைக்கடிகார வடிவினும் கைப்பேசிச் செயலி வடிவினும் கிடைக்கின்றது. அமெரிக்கா 1978-இல் இதற்குரிய முதற்றுணைக்கோளை விண்ணிற் செலுத்தி, 1995-இல் முழு அமைப்பும் இயங்கத் தொடங்கியதாக அறிவித்தது. இத்துணைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில், நாளொன்றுக்கு இருமுறை புவியைச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் இடத்தையும் நேரத்தையும் இடையறாது அறிவித்த வண்ணம் இருக்கும். அச்செய்தி நம் கருவியை வந்தடையச் சென்ற காலத்தை ஒளியின் வேகத்தாற் பெருக்கினால் துணைக்கோளின் தொலைவு கிடைக்கும். மூன்று தொலைவுகள் இடத்தைக் காட்டும். நம் கருவியின் எளிய கடிகாரத்தைத் திருத்துதற்கு நான்காவது ஒன்றும் வேண்டும். நம் நாட்டின் இசுரோ நிறுவனமும் இத்தகைய அமைப்பொன்றன் முதற்றுணைக்கோளை 2013 சூலை முதல் நாளில் ஏவியது. அவ்வமைப்பிற்கு 2016-இல் நாவிக் எனப் பெயரிடப்பட்டது.

இம்முறையில் காலமே கோலாகும். ஒரு வினாடியின் பத்திலக்கத்தில் ஒரு பங்கு பிழைப்பின், தொலைவில் முந்நூறு மீட்டர் பிழைபடும். ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கைப்படி, துணைக்கோளின் கடிகாரம் நம் கடிகாரத்தினும் நாளொன்றுக்கு அத்தகைய பங்கு முப்பத்தெட்டு விரைந்து செல்லும். அதனைத் திருத்தாவிடின், ஒரே நாளில் பிழை பத்துக் கிலோமீட்டருக்கு மேற்படும். இங்ஙனம் பெரும்பிழைகள் களையப்பட்ட பின்னரும், காற்றுமண்டலமும் மரச்செறிவும் கட்டடச் சுவர்களும் சிறுபிழைகளை விளைக்கும். திறந்த வெளியில் கைப்பேசியின் பிழை பெரும்பாலும் ஐந்து மீட்டரளவு இருக்கும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை, அமெரிக்க அரசு பொதுமக்கட்குரிய குறிப்பில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தமையால், நூறு மீட்டர் வரையும் அது தவறிற்று. அத்தடை நீங்கிய பின்னரே இக்கருவி கோல்ப் வெளிக்குத் தக்கதாயிற்று.

இன்னுமொன்று கருதற்பாலது. செயலி கொடியைக் காண்பதில்லை. பசுந்தரையின் முன்விளிம்பு, நடு, பின்விளிம்பு ஆகியவற்றின் இடங்கள் அதன் ஏட்டில் முன்னரே பதியப்பட்டுள்ளன. அவற்றிற்கும் நாம் நிற்கும் இடத்திற்கும் உள்ள தொலைவையே அது கூறும். குழியின் இடமோ பசுந்தரைக்குள் அடிக்கடி மாற்றப்படும். ஆதலின் ‘நூற்றைம்பது’ எனச் செயலி காட்டும்போது, அது கொடிக்கு நூற்றைம்பது என்று கொள்வான் ஏமாறுவான். எதனை அளந்த எண் இஃது என்று வினவுதல் அளவை நூலின் முதற்பாடம்.

ஆட்டவிதி வகுப்போரும் இதனை ஆய்ந்தே நெறிப்படுத்தினர். முன்னாளில் இக்கருவிகள் முற்றும் விலக்கப்பட்டிருந்தன. 2006 முதல், ஒவ்வொரு களத்தாரும் விரும்பின் தனிவிதியால் இசைவளிக்கலாம் என்றனர். 2019-இல் வெளிவந்த புதுவிதிகள் தொலைவறிதலைப் பொதுவாகவே ஒப்பின. எனினும், ஏற்ற இறக்கத்தை அளந்து கூறுதல் ஆட்டத்தின்போது விலக்கப்பட்டுள்ளது. மீறினோர்க்கு முதன்முறை தண்டமும், மறுமுறை ஆட்டத்தினின்று நீக்கமும் உண்டு. தொலைவு பொதுச் செய்தி. அதனைக் கொண்டு எம்மட்டையால் எங்ஙனம் அடிப்பதெனத் துணிதல் ஆடுவோன் அறிவு. முன்னதைக் கருவி கொடுக்கலாம், பின்னதைக் கொடுத்தலாகாது. இப்பாகுபாடு எமக்கு மிகவும் உவப்பாகின்றது.

இனி எம் வரப்பிற்கு வருவாம். எம் தெருவிற் பக்கத்துப் பக்கத்து வயலுடைய அண்ணனும் தம்பியும் சென்ற கோடையில் வரப்பைப் பற்றிப் பிணங்கினர். பட்டாவின்படி இருவர்க்கும் ஐம்பது ஐம்பது சென்ட். ‘கல்லூரியில் படிக்கும் பிள்ளை அளந்து சொன்னால் இருவரும் ஒப்புவோம்’ என்று எம்மை அழைத்தனர். யாம் கைப்பேசிச் செயலியைத் திறந்து தம்பியின் வயலைச் சுற்றி நடந்தோம். நாற்பத்தேழு என்று காட்டிற்று. அதனை உரக்கச் சொல்லிவிட்டோம். தம்பி தன் மூன்று சென்ட்டை அண்ணன் கவர்ந்தான் என்றார். அண்ணன் மண்வெட்டியைத் தரையில் எறிந்தார். அவ்விருவர் மனைவியரும் அழத் தொடங்கினர். நெஞ்சு துணுக்குற்று மீண்டும் நடந்தோம்: ஐம்பத்தைந்து. மூன்றாம் முறை ஐம்பத்திரண்டு. அங்கிருந்த முதியவர் ஒருவர், ‘தம்பி, இன்னும் நாலு சுற்று நடந்தால் எனக்கும் ஒரு காணி கிடைக்கும் போலிருக்கிறதே’ என்றார். பிணங்கியோரும் சிரித்துவிட்டனர். யாம் மட்டும் சிரித்திலம்.

அன்றிரவு கணக்கிட்டோம். அரை ஏக்கர் சதுர நிலத்தின் பக்கம் ஏறத்தாழ நாற்பத்தைந்து மீட்டர். ஒரு பக்கம் மட்டும் ஐந்து மீட்டர் விலகின், இருநூற்றிருபத்தைந்து சதுர மீட்டர், அதாவது ஐந்தரைச் சென்ட் வேறுபடும். கோல்ப் வெளியில் அதே ஐந்து மீட்டர் அரைமட்டை வேறுபாடே. அங்குப் பிழைத்தால் ஓர் அடி வீணாகும். வரப்பிற் பிழைத்தால் உடன்பிறப்பே வீணாகும். கருவி பொய் கூறிற்றிலது. தன் எல்லைக்குட்பட்ட மெய்யைக் கூறிற்று. அவ்வெல்லையை அறியாமல் உரைத்த எம் வாயே பிழை செய்தது. சில கிழமைகள் கழித்து நில அளவர் வந்தார். மண் மூடியிருந்த பழைய அளவைக் கல்லைத் தோண்டி எடுத்து, அதனின்று சங்கிலி பிடித்தார். வரப்பு தன் இடத்திலேயே இருந்தது. அண்ணன் தம்பியின் தோளிற் கைவைத்து வீட்டிற்கு அழைத்துச் சென்றதை யாம் கண்ணாரக் கண்டோம்.

ஆகவே, கருவிகளை வெறுத்தலும் அறிவுடைமையன்று. அவற்றை வழிபடுதலும் அறிவுடைமையன்று. எண்ணொன்று கையிற் கிடைத்தவுடன், இஃது எதனை அளந்தது, எவ்வளவு பிழைபடக்கூடும், அப்பிழையை இவ்விடம் பொறுக்குமா என்னும் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். லாம்ப்டன் சங்கிலியின் அருகே வெப்பமானியை வைத்ததும் இதற்கே. துணையாள் தொலைவோடு காற்றையும் நோக்கியதும் இதற்கே. கற்றவன் சொல்லை ஊரார் நம்புகின்றனர். அந்நம்பிக்கைக்கு உரியராதற்கு, அளவைக் கூறுமுன் அவ்வளவின் பிழையையும் கூறப் பழகுவோமாக என்பதே எம் விழைவு.