கருத்தடை முறைகளும் மார்க்கச் சட்டமும்

"குடும்பக் கட்டுப்பாடு கூடுமா, கூடாதா?" என்று பலரும் ஒரே வரியில் கேட்கின்றனர். ஒரே வரியில் பதில் கூற இயலாது. ஏனெனில் இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு காரியங்கள் அடங்கியுள்ளன. கரு உண்டாவதைச் சிறிது காலம் தள்ளி வைப்பது ஒன்று. பிள்ளைப்பேற்றின் வாசலை நிரந்தரமாக அடைத்துவிடுவது மற்றொன்று. உண்டான கருவைக் கலைப்பது மூன்றாவது. கடைசியாகச் சொன்னது தனி மஸ்அலா. முதலிரண்டை மட்டும் இங்கே பார்ப்போம்.

நபித்தோழர்கள் காலத்தில் இருந்த முறை 'அஸ்ல்', அதாவது விந்தை வெளியே விடுதல். குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே தாங்கள் அவ்வாறு செய்து வந்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அச்செய்தி நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியும் தடுக்கவில்லை என்பது முஸ்லிமில் வரும் கூடுதல் விவரம். அதே முஸ்லிமில் ஜுதாமா (ரலி) அறிவிக்கும் ஹதீஸோ அச்செயலை வெறுத்துப் பேசுகிறது. இரண்டையும் இணைத்துப் பார்த்த இமாம்கள், "ஹராமல்ல, ஆனால் காரணமின்றிச் செய்வது விரும்பத்தக்கதுமல்ல" என்றனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவில், மனைவியின் உயிரையும் உடல்நலத்தையும் காக்கும் நோக்கத்தை ஏற்கத்தக்க காரணமாகவே குறிப்பிடுகிறார்கள். ஹனஃபீ மத்ஹபில் மனைவியின் சம்மதம் வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் அதில் கருத்து வேறுபாடு இருப்பினும், அவளைக் கேட்டுச் செய்வதே பேணுதல்.

இன்றைய தற்காலிக முறைகளை உலமாக்கள் இந்த அஸ்லுடன் ஒப்பிட்டே அனுமதிக்கின்றனர். ஆனால் எல்லா முறைகளும் பலனில் சமமல்ல. அஸ்லை மட்டுமே நம்பியிருக்கும் 100 தம்பதியரில் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 20 பேருக்குக் கரு தரித்துவிடுகிறது. ஆணுறையில் இது சுமார் 13; அன்றாடம் விழுங்கும் மாத்திரையில் 7; மூன்று மாத ஊசியில் 4; காப்பர்-டியில் ஒன்றுக்கும் குறைவு. வழக்கமான கவனக்குறைவும் மறதியும் சேர்ந்த கணக்கு இது.

ஆணுறையில் பெண்ணின் உடலுக்குள் மருந்து எதுவும் செல்வதில்லை, சுமை கணவனுடையது. மாலா-என் போன்ற அன்றாட மாத்திரையைப் பாலூட்டும் தாய் முதல் ஆறு மாதம் உண்ணலாகாது. இரத்த அழுத்தம் உள்ளவளும் தவிர்க்க வேண்டும். லக்னோவில் கண்டுபிடிக்கப்பட்ட 'சாயா' மாத்திரையில் ஹார்மோன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை உண்பது. பாலூட்டுவோரும் உண்ணலாம். 'அந்தரா' ஊசியை நிறுத்திய பின் மீண்டும் கரு தரிக்கச் சில மாதங்கள் தாமதமாகலாம். அடுத்த ஆண்டே பிள்ளை வேண்டும் என்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

காப்பர்-டி பெரும்பாலும் விந்தணுவைச் செயலிழக்கச் செய்து, கரு உருவாகும் முன்பே தடுக்கிறது. இதை வைப்பவர் பெண் மருத்துவராகவோ செவிலியராகவோ இருக்கட்டும். அவ்ரத் விஷயத்தில் தேவைக்கு மேல் சலுகை இல்லை. அது கருப்பைக்குள் இருப்பதால் குளிப்புக்குத் தடையாகாது.

தொழுகையாளிப் பெண்கள் மற்றொன்றையும் அறிய வேண்டும். காப்பர்-டியால் மாதவிடாய் நாட்கள் நீளலாம். ஊசியால் அவ்வப்போது உதிரம் படலாம், அல்லது அறவே நின்றும் போகலாம். ஹைளின் உச்சவரம்பு ஹனஃபீயில் 10 நாள், ஷாஃபிஈயில் 15 நாள். அதைத் தாண்டி வருவது இஸ்திஹாளா. அதற்காகத் தொழுகையை விடக்கூடாது. முன்பிருந்த வழக்க நாட்களைக் குறித்து வைத்துக்கொண்டு ஆலிமிடம் கேட்பது நன்று.

இனி நிரந்தர முறை. 1988-ல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் சபை, பிள்ளைகளுக்கிடையே இடைவெளி விடுவதற்காகக் கணவனும் மனைவியும் கலந்து பேசித் தற்காலிக முறையைக் கையாளலாம் என்றும், நிர்ப்பந்தமின்றி ஆணோ பெண்ணோ கருத்தரிக்கும் ஆற்றலை நிரந்தரமாக அழிப்பது ஹராம் என்றும் தீர்மானித்தது.

நம் நிலை என்ன? தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொள்வதோ மிக அரிது. பெண்ணுக்குச் செய்யும் அறுவையை விட ஆணுக்குச் செய்வது எளிது. அப்படியிருந்தும் பளு முழுவதும் பெண் மீதே விழுகிறது! அம்பத்தூரானாலும் ஆவடியானாலும் பூவிருந்தவல்லியானாலும் பல வீடுகளில் இம்முடிவு எடுக்கப்படுவது பிரசவ நேரத்தில்தான். சிசேரியனுக்குக் கையெழுத்து வாங்கும்போதே, "இதையும் சேர்த்துச் செய்துவிடலாமா?" என்ற கேள்வி வருகிறது. வலியில் இருப்பவள் தலையசைக்கிறாள். வெளியே நிற்கும் கணவன் விவரம் புரியாமலே சரி என்கிறான். மார்க்கம் மிகவும் கண்டிப்புக் காட்டும் காரியம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

நெருக்கடி நிலையின்போது, 1976-ல், வட இந்தியாவில் மக்களைப் பிடித்துச் சென்று அறுவை செய்த கொடுமையைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று சட்டப்படி அந்தப் பெண்ணின் மனமொப்பிய சம்மதம் இன்றி எவரும் செய்யலாகாது. "இப்போது வேண்டாம், காப்பர்-டி வையுங்கள்" என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு. பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே அதை வைக்கலாம்.

அறுவை ஒருபோதும் கூடாதா என்றால், அப்படியல்ல. அடுத்தடுத்த சிசேரியன்களால் கருப்பை பலவீனமாகி, மீண்டும் கருவுற்றால் உயிருக்கே ஆபத்து, வேறு முறையும் ஒத்துவராது என்று நம்பிக்கையான மருத்துவர் கூறினால் அது நிர்ப்பந்தம். அந்நிலையில் அனுமதி உண்டு. உயிரைக் காப்பதும் ஷரீஅத்தின் நோக்கங்களில் ஒன்றே. ஆனால் "இரண்டு போதும், செலவு தாங்காது" என்பது அந்த வகையில் சேராது. உணவளிப்பவன் அல்லாஹ் என்ற ஈமானுக்கு அது அழகுமல்ல.

ஆகவே கர்ப்பத்தின் ஏழாம் மாதத்திலேயே கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள். மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: அடுத்த கர்ப்பத்தில் ஆபத்து உண்மையிலேயே உண்டா? எந்தத் தற்காலிக முறை இவள் உடலுக்கு ஒத்துவரும்? அதை எப்போது நிறுத்தலாம்? அவர் கூறும் பதிலுடன் உங்கள் மஹல்லா ஆலிமிடம் வாருங்கள். தீர்ப்பு ஆளுக்கு ஆள் மாறக்கூடியது. பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது.

தாயின் நலனையும் சந்ததியின் நலனையும் அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன். வல்லாஹு அஃலம்.