பெண்கள் பள்ளியும் கிராமத்தின் பொறுப்பும்

எட்டாம் வகுப்பை முடித்த பிள்ளைகள் அடுத்த ஊருக்குச் சென்று படிக்க வேண்டிய நிலை வரும்பொழுது, சில பெயர்கள் பதிவேட்டினின்று மறைந்துவிடுகின்றன. பையன் நின்றால் பெரும்பாலும் கூலியே காரணமாகும். பெண் நிற்பதற்கோ வேறு காரணங்களும் உண்டு. பூப்பெய்தல், வழியின் தொலைவு, ஊரார் பேச்சு, கழிப்பறை இன்மை, முன்கூட்டியே பேசப்படும் திருமணம் ஆகியவை அவற்றுட் சில. இத்தடைகளைக் களைவதில் பெண்கள் பள்ளிக்குள்ள பங்கினை ஈண்டு ஆராய்வோம்.

முன்னோர் கண்ட வழி

1848-ஆம் ஆண்டில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் புனே நகரில் பெண்களுக்கெனப் பள்ளி திறந்தனர். பெண்ணை வெளியே அனுப்ப அஞ்சிய காலம் அது. சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி 1912-இல் இளம் விதவைகளுக்குப் புகலிடம் அமைத்துக் கல்வியளித்தார். அங்குப் பயின்றோர் பலர் ஆசிரியைகளாயினர். பெண்ணுக்கென ஒரு பள்ளி எழுந்தால், அதிலிருந்து பிற பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைப்பர் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம்.

நன்மைகள் யாவை?

முதலாவது, பெற்றோரின் நம்பிக்கை. மேற்படிப்புக்கு அனுப்பத் தயங்கும் குடும்பமும் பெண்கள் பள்ளி என்றால் இசைவதுண்டு.

இரண்டாவது, பொறுப்பேற்கும் பழக்கம். அங்கே மாணவர் தலைமை, விளையாட்டுக் குழுவின் தலைமை, மேடைப் பேச்சு, சோதனைச்சாலை வேலை யாவும் பெண்களுக்கே உரியன. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களிற் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்க 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. பள்ளிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிப் பழகிய பெண், கிராம சபையில் வரவு செலவுக் கணக்கைப் படிக்கத் தயங்காள். அவளுக்குப் பதிலாகக் கணவர் பேச வேண்டுவதும் இல்லை.

மூன்றாவது, உடல்நலம். வளரும் பருவத்தின் ஐயங்களை ஆசிரியையிடம் கூச்சமின்றிக் கேட்டறிய இயலும்.

எல்லையும் அறிதல் வேண்டும்

பெயர்ப் பலகை மட்டும் பயன் தாராது. அறிவியல் கூடமும் கணித ஆசிரியரும் இல்லாத பெண்கள் பள்ளியைவிட, அவையுள்ள இருபாலர் பள்ளியே மேலானது. மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்பவே ஆசிரியர் நியமிக்கப்படுவதால், சிற்றூர்ப் பள்ளியை இரண்டாகப் பிரித்தால் இரண்டுமே நலியும். ஆதலின், பல ஊர்ப் பிள்ளைகள் வந்து கூடும் பெரிய ஊருக்கே தனிப்பள்ளி பொருந்தும். சிற்றூரிலோ, இருக்கும் பள்ளியையே பெண்கள் அச்சமின்றிப் படிக்கும் இடமாக்குதல் வேண்டும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

1. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, அதில் எந்நேரமும் தண்ணீர், பள்ளிக்குச் சுற்றுச்சுவர் ஆகியன உள்ளனவா என நேரிற் கண்டறிதல்.

2. பள்ளி நேரத்துக்கு இசையப் பேருந்து விடுமாறு போக்குவரத்து அதிகாரிகளுக்குத் தீர்மானம் அனுப்புதல். பள்ளி செல்லும் பாதையில் விளக்கு அமைத்தல்.

3. பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினரிற் பாதிப்பேர் பெண்களாதல் வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. அவர்கள் பெயரளவில் நில்லாது கூட்டத்திற் பேச இடமளித்தல்.

4. தொடர்ந்து வராத மாணவியின் இல்லத்துக்கு உறுப்பினர் சென்று காரணம் அறிதல். திருமணமே காரணமாயின், 18 வயது நிரம்பாத பெண்ணுக்கு மணம் முடித்தல் குற்றம் என்பதை எடுத்துரைத்துத் தடுத்தல்.

5. அரசுப் பள்ளியிற் பயின்று மேற்படிப்புக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்க 2022-இல் தொடங்கப்பெற்ற புதுமைப் பெண் திட்டம் போன்ற உதவிகளைப் பற்றி ஆசிரியரிடம் கேட்டறிந்து, பெற்றோருக்கு விளக்குதல்.

இவற்றுட் பலவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை, அக்கறையே வேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், "நம் ஊரில் எட்டாம் வகுப்பை முடித்த பெண்கள் எத்தனை பேர்? அவர்களுள் இன்று பள்ளியில் இருப்போர் எத்தனை பேர்?" என்னும் இரு வினாக்களை எழுப்புவோமாக. இரண்டு எண்களும் ஒன்றாகும் நாளே, நம் ஊர் முன்னேறியது என்று நாம் கூறத்தகும் நாள்.